கரப்புடுப்பும் நெற் சட்டையும்: ஆடலுடையின் கதை

வன்னியின் குளத்தங்கரைகளில் வளர்ந்த எமக்குக் கரப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்தின் கண்ணிற் படாமல் மூடிவைப்பதும் கரப்பு. கோடையிற் குளம் வற்றும்போது சேற்றுத் தண்ணீரிற் குத்தி மீன் பிடிப்பதும் கரப்பு. மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த கூடை அது. அந்தக் கூடையின் பெயரில் எமது கூத்து மரபில் ஓர் உடுப்பும் உண்டு. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசராகவும் வீரராகவும் வருவோர் அணியும் கரப்புடுப்புத்தான் அது. பிரம்பு வளையங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டி, மேலே துணி போர்த்து, இடுப்பிலே மாட்டுவார்கள். ஆடுபவர் சுழலும்போது உடுப்பு முழுவதும் ஒரு குடையைப் போல அவரோடு சேர்ந்து சுழலும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தபின், அதுவரை கிராமத்துக் களரிக்குள் இருந்த இந்த மரபை நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

நூற்றாண்டு மலருக்கு ஆடலுடை பற்றி எழுத முடிவுசெய்தபோது எம்மில் ஒருவர், “பரத உடுப்பைப் பற்றியா, பலே உடுப்பைப் பற்றியா?” என்று கேட்டார். இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். தேடிப் படித்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அதனாற் பிறந்தது.

ஐரோப்பியப் பெண்களும் ஒருகாலத்திற் கூடையை இடுப்பிற் கட்டியவர்கள்தான். 18ஆம் நூற்றாண்டிற் பிரான்ஸின் அரசவைப் பெண்கள் பாவாடையை இருபுறமும் அகலமாக விரித்துக் காட்டுவதற்காக உள்ளே ஒரு சட்டம் அணிந்தனர். அதன் பெயர் “பனியே”. பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் கூடை. மட்டக்களப்பிலும் பாரிஸிலும் ஒருவரையொருவர் அறியாமலேயே உடுப்புக்குக் கூடையின் பெயரை வைத்திருக்கிறார்கள்! பலே நடனம் வளர்ந்தது இந்த அரசவையிலேதான். பதினான்காம் லூயி மன்னர் 1661இல் நடனத்துக்கென ஒரு கழகத்தையே நிறுவினார். ஆனால் அந்த உடுப்போடு பெண்கள் என்ன ஆடினாலும் காலைக் காண முடியாது. நிலத்தைக் கூட்டிப் பெருக்கும் பாவாடைக்குள் பாதம் செய்யும் வித்தையை யார் அறிவார்? அடுத்த நூற்றாண்டில் மரீ கமார்கோ என்ற நடனமாது, தன் காலின் நுட்பம் தெரியவேண்டும் என்று பாவாடையின் விளிம்பை மேலே ஏற்றினார் என்று கூறுவர். கணுக்கால் தெரிந்ததே அன்று பெரிய பேச்சாயிற்று.

இன்று நாம் பலே உடுப்பு என்று கண்டறியும் உடுப்பு மேடையேறியது 1832 மார்ச் 12ஆம் திகதி. பாரிஸ் ஒப்பராவில் லா சில்பீட் என்ற பலேயில் மரீ தக்லியோனி ஒரு வனதேவதையாக ஆடினார். ஆட்டத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கும், மணி போல விரிந்த வெள்ளைப் பாவாடை. அரசவை உடுப்பின் பட்டும் பொன்னும் அதில் இல்லை. மெல்லிய துணி அடுக்கடுக்காகத்தான் இருந்தது. விரல் நுனியில் நின்று, காற்றிலே மிதப்பது போல அவர் ஆடியபோது அந்தப் பாவாடை மூச்சு விடுவது போல எழுந்து தணிந்திருக்கும். அதன்பின் ஐரோப்பாவின் மேடைகள் எங்கும் வெள்ளைப் பாவாடைத் தேவதைகள்தான்.

இந்தப் பாவாடைக்குப் பின்னால் ஓர் இயந்திரமும் இருக்கிறது. அதுவரை வலைத்துணி பெரும்பாலும் கையாற் பின்னப்பட்டது. வசதியுள்ளோரே வாங்கக்கூடியது. 1809இல் இங்கிலாந்தின் ஜோன் ஹீத்கோட் அறுகோணக் கண்ணுடைய வலையை இயந்திரத்திற் பின்னும் முறைக்கு உரிமம் பெற்றார். வலை மலிந்தது. அதே வலைதான் மணப்பெண்ணின் முக்காடாகவும், நடனமாதின் பாவாடையாகவும், வெப்ப நாடுகளில் நுளம்பு வலையாகவும் போயிற்று. இதை வாசித்தபோது நாம் சிரித்துவிட்டோம். ஒளிவிழா நாடகத்துக்குப் பழைய நுளம்பு வலையை வெட்டி, சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, வேலியில் விரித்துக் காயவைத்துச் சம்மனசுகளுக்குச் சட்டை தைத்த எமது ஆசிரியைமாருக்கு ஹீத்கோட்டைத் தெரியாது. ஆனால் துணியை அவர்கள் சரியாகவே தெரிவுசெய்திருக்கிறார்கள்.

மெல்லிய துணிக்கு ஒரு பகை இருந்தது: நெருப்பு. அந்நாளில் மேடைக்கு வெளிச்சம் தந்தது எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும். 1844இல் இலண்டன் மேடையில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனமாதின் பாவாடையில் தீப்பற்றியது. சில நாட்களில் அவர் இறந்தார். தக்லியோனியின் மாணவியான எம்மா லிவ்றியின் முடிவு இன்னும் கொடியது. தீப்பற்றாதபடி துணியை ஒரு மருந்துக் கரைசலில் தோய்த்தெடுக்கும் முறை அப்போது வந்துவிட்டது. பாரிஸில் அது விதியாகவும் இருந்தது. தோய்த்தால் துணி விறைத்து மங்கிவிடும் என்று நடனமாதர் அதை விரும்பவில்லை, லிவ்றியும் மறுத்தார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது வாயு விளக்கின்மேல் அவருடைய பாவாடை பட்டது. எட்டு மாதங்கள் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். வயது இருபது. எரிந்த உடுப்பின் மிச்சத்தைப் பாரிஸ் ஒப்பராவின் அரும்பொருளகத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கலைவிழா நடந்த காலத்தில், “விளக்குக்குக் கிட்டப் போகாதையுங்கோ பிள்ளையள்!” என்று திரைக்குப் பின்னால் நின்று கத்திய குரல் எம்மிற் பலருடைய காதில் இன்னும் இருக்கிறது. அந்தக் குரலை அப்போது நாம் கரைச்சல் என்று நினைத்தோம்.

பாவாடை மேலும் குறுகியதற்குக் காரணம் ஆட்டமே. 1880களில் இத்தாலிய நடனமாதர் உருசியாவுக்கு வந்தனர். பியெரினா லெஞானி ஒற்றைக் காலில் நின்று 32 முறை சுழன்றார். 1895இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் மேடையேறிய அன்னப் பொய்கையிலும் அந்தச் சுழற்சி இடம்பெற்றது. அப்படிச் சுழல்பவரின் முழங்கால் தெரியாவிட்டால் அவர் செய்வதன் அருமை தெரியாது. எனவே பாவாடை இடுப்பிலிருந்து தட்டு போல நேராக வெளியே நிற்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெற்றைச் சேர்த்துத் தைத்து, தட்டுச் சரியாமல் நிற்பதற்கு உள்ளே ஓர் உருக்கு வளையமும் வைப்பார்கள். எமது கரப்புடுப்பிற் பிரம்பு செய்யும் வேலையை அங்கே உருக்கு செய்கிறது. இந்த உடுப்புக்குத்தான் “டூட்டூ” என்று பெயர். பிரெஞ்சுக் குழந்தைகள் பின்புறத்துக்குச் சொல்லும் மழலைச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். நூற்றாண்டு மலரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இனி எமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். தக்லியோனி புகழின் உச்சியில் இருந்த அதே காலத்தில், 1838இல், தமிழ்நாட்டின் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் சிலர் தமது இசைக்கலைஞரோடு கப்பலேறிப் பாரிஸுக்குப் போனார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணை அந்நகரமே கொண்டாடியது. மன்னர் முன்னிலையில் ஆடினார்கள். கவிஞர் தெயோபில் கோத்தியே அவரைப் பற்றிப் பத்திரிகையில் வியந்து எழுதினார். ஒரு சிற்பி அவருடைய உருவத்தைச் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். பாரிஸ் மேடையில் அதற்கு முன்பே இந்தியத் தேவதாசி கதாநாயகியாக இருந்தாள். 1830இல் தக்லியோனியே அப்படி ஒரு வேடத்தில் ஆடியிருந்தார். ஆனால் அது பிரெஞ்சுக்காரரின் கற்பனைத் தேவதாசி. உண்மையான தேவதாசியர் வந்து ஆடிவிட்டுப் போனபின்பும் அந்தக் கற்பனை மாறவில்லை. 1877இல் மரியுஸ் பெத்திப்பா உருசியாவில் லா பயதேர் என்ற பலேயை அமைத்தார். அதன் நாயகி நிக்கியா கோயில் நடனமாது. அவள் இறந்தபின் வரும் நிழல்களின் காட்சியிற் பெண்கள் வரிசை வரிசையாக வெள்ளைப் பாவாடையோடு இறங்கி வருவார்கள். அது இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. எம் பழைய மாணவியரில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை அழைத்துப்போய் அதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அழகான காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் டூட்டூ அணிந்த அந்த நிக்கியாவை உலகம் அறிந்த அளவுக்கு அம்மணியை எம்மவரே அறியாதிருப்பது எமக்கு உறுத்துகிறது.

அடுத்த நூற்றாண்டில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. உருசிய நடனமாது அன்னா பவ்லோவா தன் குழுவோடு உலகம் சுற்றியவர், இந்தியாவுக்கும் வந்தார். 1923இல் இலண்டனில் உதயசங்கரோடு இராதையாக ஆடினார். 1920களின் இறுதியில் அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி அருண்டேல், பவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பலே பயின்றார். உன் நாட்டின் ஆடலையே நீ தேடிப் போ என்று பவ்லோவா அவருக்குச் சொன்னார். ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்று, 1935 டிசெம்பரில் அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாஷேத்திராவைத் தொடங்கினார்.

அவர் அணிந்த உடுப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முன் சதிர் ஆடியவர்கள் கனத்த சரிகைச் சேலையைத் தமது முறையிற் கட்டி ஆடினார்கள். பாலசரஸ்வதி கடைசிவரை அப்படியே ஆடினார். ருக்மிணி தேவி கோயிற் சிற்பங்களைப் பார்த்துப் புதிய உடுப்பொன்றை வகுத்தார். சேலையை வெட்டி, கால் பகுதி வேறு, முன்னாலே விரியும் விசிறி வேறு, மேலாக்கு வேறு என்று தைத்தெடுக்கும் முறை அப்படி உருவானது. தைப்பதற்கு உதவியவர் மதாம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர். அரைமண்டியில் அமரும்போது விசிறி விரிகிறது; எழும்போது மடிகிறது. பலே கற்ற ஒருவரின் கண், உடலின் கோடு மேடையிலிருந்து எப்படித் தெரியும் என்று பார்த்திருக்கிறது. டூட்டூ முழங்காலைக் காட்டியது. இந்த விசிறி முழங்காலை மூடிக்கொண்டே அதன் மடிப்பைக் காட்டுகிறது. கடலைக் கடந்து வந்த பாடம் ஒன்று காஞ்சிபுரப் பட்டுக்குள் இருக்கிறது என்பது எம் எண்ணம்.

அந்த உடுப்புத்தான் சென்னையிற் படித்துத் திரும்பிய ஆசிரியர்களோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளோடும் பாடசாலை அழகியற் பாடத்தோடும் வன்னிக்கும் வந்தது. “ஆதிகாலத்து உடுப்பு” என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த உடுப்பு எமது பாடசாலையைவிட இளையது!

டூட்டூ மேடையை விட்டு வீதிக்கு வந்ததையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் துணிப் பங்கீட்டால் ஒடுங்கிய பாவாடைகளை அணிந்து சலித்த பெண்களுக்காக, 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் இடை ஒடுங்கிப் பாவாடை பரந்த புதிய பாணியைக் கொண்டுவந்தார். நெற் அடுக்கிய மாலைநேர உடுப்புகளும் உட்பாவாடைகளும் 1950களில் எங்கும் பரவின. பலே சப்பாத்தைப் பார்த்துச் செய்த தட்டையான சப்பாத்துக்கும் போர்தான் வழிவிட்டது. அமெரிக்காவிற் சப்பாத்துக்குப் பங்கீடு வந்தபோது நடனச் சப்பாத்து அதற்குள் அடங்கவில்லை. கிளேர் மக்கார்டெல் என்ற உடையமைப்பாளர் அதையே தன் உடுப்புகளுக்குச் சோடியாக்கினார். எம் ஊரிலோ டூட்டூவின் பேத்திகளுக்குக் குறைவில்லை. புதுநன்மைச் சட்டை, முதலாம் பிறந்தநாளுக்குக் குழந்தையை மூழ்கடிக்கும் இளஞ்சிவப்பு நெற் சட்டை, மாப்பிள்ளை பொம்பிளைக்கு முன்னாற் பூத்தட்டோடு நடக்கும் சிறுமியின் சட்டை, இப்போது சாமத்திய வீட்டு லெகங்காவின் உள்ளே விறைத்து நிற்கும் “கான்கான்” எல்லாம் அந்த வம்சந்தான். கிளிநொச்சி வெயிலில் அதை அணிந்த பிள்ளை படப்பிடிப்பு முடியும்வரை படும் பாட்டைத் தாய்மார் மன்னிக்க வேண்டும்.

போர் முடிந்த ஊரில் ஆடலுக்கு எப்படி உடுப்புத் தேடுவது? இது எமக்கு மட்டும் வந்த கேள்வியல்ல. 1946 பெப்ரவரி 20ஆம் திகதி இலண்டன் கொவென்ற் கார்டன் அரங்கு போருக்குப் பின் பலேயோடு மீண்டும் திறந்தது. ஆடப்பட்டது உறங்கும் அழகி. நாயகி மார்கொட் பொன்ரெய்ன். அப்போதும் அங்கே துணிக்குப் பங்கீடு. கூப்பன்களைச் சேர்த்தும், கிடைத்த துணிகளை ஒட்டியும் வெட்டியும் சாயம் பூசியும் ஓர் அரசவையையே மேடையில் எழுப்பினார்கள்.

எமது பாடசாலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. குழு நடனத்துக்கான பாவாடைகள், சரிகைக் கரைகள், சதங்கைகள், கடதாசி மட்டையில் செய்து பொன்தாள் ஒட்டிய முடிகள். 1990களின் இடப்பெயர்வுகளில் அந்தப் பெட்டி மரநிழல் வகுப்புகளுக்கெல்லாம் கூடவே போய்வந்தது. பற்றரி இல்லாத காலத்திற் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டுப் பயிற்சி செய்தார்கள் அக்காமார். 2009இல் அது எங்கே கைவிடப்பட்டது என்று சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே இல்லை. பெட்டியோடு போன எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை; வாசிப்போருக்குத் தெரியும்.

திரும்பி வந்த முதல் ஆண்டுகளிற் கூரையும் மேசையும் முந்திக்கொண்டன. நடனம் மீண்டபோது உடுப்பு வாடகைக்கு வந்தது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எட்டுப் பிள்ளைகள் ஆட வேண்டுமென்றால் எட்டு உடுப்பு, எட்டுத் தலைச்சாமான், ஒப்பனை, வாகனம். பணம் கட்ட முடியாத பிள்ளை தனக்குக் “கால் நோகுது” என்று சொல்லி விலகிக்கொள்ளும். ஒருமுறை எமது பிள்ளைகள் தாய்மாரின் கைத்தறிச் சேலைகளைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்தில் குறையில்லை, உடை “பூரணமில்லை” என்று புள்ளி வெட்டப்பட்டது. அந்த நடுவருக்குப் பாலசரஸ்வதியின் சேலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அப்போது எமக்கும் அது தெரியாது.

அதனாலேதான் நூற்றாண்டுப் பணிகளில் ஒன்றாக ஓர் உடுப்பு அலுமாரியைக் கேட்டோம். புலம்பெயர்ந்த தோழியர் பலர் என்ன அனுப்பலாம் என்று வினவினீர்கள். கரை கிழியாத பட்டுச் சேலை, கைத்தறிச் சேலை, சரிகைக் கரை, கொளுக்கி, நல்ல நூல், இவை போதும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறந்தநாள் நெற் சட்டைகளையும் அனுப்புங்கள். பாலர் வகுப்பு வண்ணத்துப்பூச்சிகளுக்கு அவை உதவும். தைப்பதற்கு ஆளுண்டு. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளில் எமது பழைய மாணவியர் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் உடுப்புகளை நாள் முழுவதும் தைக்கும் அவர்களில் மூவர், ஞாயிற்றுக்கிழமைகளிற் பாடசாலைக்கு வந்து விசிறி மடிக்கிறார்கள்.

அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பெரிய பலே அரங்குகளின் தையற்கூட வழக்கம் ஒன்றை மட்டும் படித்துச் சொன்னோம். அங்கே ஓர் உடுப்பைப் பலர் மாறி மாறி அணிவதால் முதுகிற் கொளுக்கிகளை இரண்டு மூன்று வரிசையாக வைப்பார்கள். அணிந்தவர்களின் பெயரை உட்புறத்திற் சிறு துணியில் எழுதித் தைப்பார்கள். எமது உடுப்புகளிலும் இப்போது மூன்று வரிசைக் கொளுக்கி இருக்கிறது. தையலுக்குள்ளே இரண்டு அங்குலம் விட்டிருப்பதால் தரம் 6 பிள்ளைக்கும் தரம் 10 பிள்ளைக்கும் அது பொருந்துகிறது. முதலிற் தைத்த மாம்பழ நிற உடுப்பின் உட்பக்கத்தில் இதுவரை நான்கு பெயர்கள்.